2^136279841 − 1: பென்சிலும் தாளும் எவ்வளவு தூரம் போகும்?

26 அக்டோபர் 2024 – செந்தூல் வாசகர் கேட்டது

இந்த வாரம் செய்தியில் பார்த்தேன். அமெரிக்காவில் ஒருவர் புதிய பகா எண் கண்டுபிடித்திருக்கிறாராம். 41,024,320 இலக்கங்கள். இதை யார் எழுதிப் பார்த்தார்கள், யார் வகுத்துப் பார்த்தார்கள்? கணினி சொல்கிறது, நாம் தலையாட்டுகிறோம். ஒரு சாதாரண ஆள் பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பற்றி ஒரே ஒரு விஷயமாவது சொல்ல முடியுமா? முடியாது என்கிறேன். முடியும் என்பவர்கள் சொல்லுங்கள்.

27 அக்டோபர் 2024, இரவு

முடியும். அந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் 551. இதை நான் எங்கும் பார்த்து எழுதவில்லை, போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். எப்படி என்று நாளைக்கு எழுதுகிறேன், இப்போது டியூஷன் பிள்ளைகளின் தாள்கள் திருத்தக் கிடக்கின்றன.

28 அக்டோபர் 2024

சரி, வழி இதுதான். எண்ணின் பெயர் 2^136279841 − 1. அதாவது 2ஐ 136,279,841 தடவை பெருக்கி, ஒன்றைக் கழிக்க வேண்டும். முழுவதும் பெருக்கத் தேவையில்லை. வாலை மட்டும் கவனித்தால் போதும், ஏனென்றால் பெருக்கும்போது கடைசி இலக்கங்களைத் தீர்மானிப்பது முன்னால் இருந்த கடைசி இலக்கங்கள் மட்டும்தான்.

2, 4, 8, 16, 32, 64... கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கில் சுற்றுகிறது. 136279841ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2இல் முடியும், ஒன்று கழித்தால் 1. இது ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

கடைசி இரண்டு இலக்கங்கள் இருபதில் சுற்றும். கடைசி மூன்று நூறில் சுற்றும். 136279841ஐ நூறால் வகுத்தால் மீதி 41, அது கண்ணுக்கே தெரிகிறது. அப்படியென்றால் நமக்கு வேண்டியது 2இன் 41ஆம் அடுக்கு மட்டும். அது 2,199,023,255,552. கடைசி மூன்று 552. ஒன்று கழித்தால் 551.

அவ்வளவுதான். 41 மில்லியன் இலக்கங்கள் உள்ள எண்ணின் வால், 13 இலக்க எண் ஒன்றின் வாலிலிருந்து கிடைத்துவிட்டது.

28 அக்டோபர் 2024, சற்றுப் பின்னால்

"நூறில் சுற்றும் என்று எப்படித் தெரியும், அக்கா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. இரண்டு இலக்கத்துக்கு எழுதிப் பாருங்கள்:

02, 04, 08, 16, 32, 64, 28, 56, 12, 24, 48, 96, 92, 84, 68, 36, 72, 44, 88, 76, 52, 04

என் வகுப்பில் இரண்டாம் படிவத்துப் பிள்ளை ஒருத்தி இதை வெள்ளைப் பலகையில் மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போனாள். 22ஆவது வரியில் 04 வந்ததும் எழுதுவதை நிறுத்தினாள். பச்சைப் பேனாவை எடுத்துக் கீழே இருந்த 04இலிருந்து மேலே இருந்த 04வரை ஒரு கோடு இழுத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "டீச்சர், 02 மட்டும் ஏன் வெளியே நிற்குது?" என்றாள். வகுப்பில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. 02 திரும்பி வரவே வராது. இரண்டாவது அடுக்கிலிருந்து எல்லாமே 4ஆல் வகுபடும், 4ஆல் வகுபடும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 02 ஆக முடியாது. அதனால் சுற்று 04இல் தொடங்குகிறது, நீளம் 20. மூன்று இலக்கத்துக்கு இதே போல 008இல் தொடங்கும், நீளம் 100. நான்குக்கு 500. ஒவ்வோர் இலக்கம் கூடும்போதும் சுற்று ஐந்து மடங்காகிறது.

29 அக்டோபர் 2024

செந்தூல்காரர், "வால் சரி, தலை?" என்று கேட்கிறார்.

தலைக்கு மடக்கை வேண்டும். log 2 = 0.30102999566... இதை 136,279,841ஆல் பெருக்கினால் 41,024,319.9453 வருகிறது. முழுப் பகுதியோடு ஒன்றைக் கூட்டினால் இலக்கங்களின் எண்ணிக்கை: 41,024,320. செய்தியில் வந்த அதே எண். பின்னத்தைப் பிடித்து எதிர்மடக்கை பார்த்தால் ஏறத்தாழ 8.817. ஆக எண் 881 என்று தொடங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. பள்ளியில் கொடுக்கும் நான்கு தானப் பட்டியலை வைத்து இதைச் செய்யாதீர்கள். பெருக்கும் எண் 136 மில்லியன் என்பதால் log 2 குறைந்தது பன்னிரண்டு தசமத் தானம்வரை சரியாக இருக்க வேண்டும். பட்டியலின் 0.3010ஐ வைத்தால் இலக்கக் கணக்கே நாலாயிரத்துக்கு மேல் பிசகும்.

31 அக்டோபர் 2024, தீபாவளி

எல்லாருக்கும் வாழ்த்து. பலகாரத் தட்டுக்கு நடுவில் ஒரே ஒரு குறிப்பு: 7ஆல் வகுத்தால் மீதி 3. 2இன் அடுக்குகளை 7ஆல் வகுத்தால் மீதி 2, 4, 1 என்று மூன்றில் சுற்றுகிறது. 136279841ஐ 3ஆல் வகுத்தால் மீதி 2, ஆகவே 4. ஒன்று கழித்தால் 3.

இன்று வியாழன். இன்றிலிருந்து இந்த எண் அளவு நாள் கழித்து வருவது ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு வந்த மாமாவிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப லீவு நாள்தான்" என்றார்.

2 நவம்பர் 2024

பினாங்கிலிருந்து ஓர் ஐயா எழுதியிருக்கிறார்: "அடுக்கில் பகா எண்ணைப் போட்டு ஒன்றைக் கழித்தால் பகா எண்தானே வரும்? அப்புறம் இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?"

வராது, ஐயா. 2^11 − 1 = 2047. 11 பகா எண்தான், ஆனால் 2047 = 23 × 89. தலைகீழாகச் சொன்னால்தான் உண்மை: அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்ணாகத்தான் இருக்கும். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் வாய்ப்பு உண்டு, அவ்வளவே.

அந்த 'வாய்ப்பு'தான் பெரியவர்களையே ஏமாற்றியது. மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644இல் 257வரைக்குமான அடுக்குகளில் எவையெவை பகா எண் தரும் என்று ஒரு பட்டியல் போட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இந்த வகை எண்கள் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகின்றன. பட்டியலில் 67ம் 257ம் தவறு. 61, 89, 107 விடுபட்டவை. இதையெல்லாம் சரிபார்த்து முடிக்க முந்நூறு ஆண்டுகள் ஆயின.

67இன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 2^67 − 1 பகா எண் இல்லை என்று எட்வார்ட் லூகாஸ் 1876இலேயே நிரூபித்துவிட்டார், ஆனால் அதன் காரணிகள் எவை என்று அவருக்குத் தெரியாது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் பலகையின் ஒரு பக்கம் 2^67 − 1ஐக் கணக்கிட்டு 147573952589676412927 என்று எழுதினார். மறுபக்கம் 193707721 × 761838257287 என்று எழுதிப் பெருக்கினார். இரண்டும் ஒன்றாக வந்தன. வாய் திறந்து ஒரு சொல் பேசாமல் போய் உட்கார்ந்தார் என்றும், கூட்டம் எழுந்து கைதட்டியது என்றும் சொல்வார்கள்.

காரணி தெரியாமலேயே 'இது பகா எண் இல்லை' என்று சொல்ல முடிவது எப்படி? இதுதான் பிள்ளைகளைத் திகைக்க வைக்கும் இடம். அடுத்துச் சொல்கிறேன்.

3 நவம்பர் 2024

வாக்களித்தபடி. லூகாஸ் தொடங்கி, டெரிக் லெமர் 1930களில் செப்பனிட்ட சோதனை. 4இல் தொடங்குங்கள். ஒவ்வொரு தடவையும் இருக்கும் எண்ணை வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கில் இரண்டு குறைவான தடவை செய்து, கடைசியில் 0 வந்தால் பகா எண். வராவிட்டால் இல்லை.

127க்கு (2^7 − 1) செய்கிறேன், ஐந்து படி:

4 → 14 → 67 → 42 → 111 → 0

முடிந்தது. 127 பகா எண். இதில் ஓரிடத்திலும் 3ஆல் வகுபடுமா, 7ஆல் வகுபடுமா என்று நாம் கேட்கவே இல்லை.

இப்போது 2047க்கு, ஒன்பது படி:

4 → 14 → 194 → 788 → 701 → 119 → 1877 → 240 → 282 → 1736

0 வரவில்லை. ஆகவே 2047 பகு எண். 23, 89 என்ற பெயர்களே இந்தக் கணக்கில் தலைகாட்டவில்லை பாருங்கள். லூகாஸ் 67க்குச் சொன்னதும் இப்படித்தான்.

இந்தப் பத்து எண்களையும் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு தாளில் அடங்கும். போட்டு முடித்தவருக்கு, அமெரிக்காவில் அந்தக் கணினி என்ன செய்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அது செய்ததும் இதேதான், 136,279,839 படிகள். ஒவ்வொரு படியிலும் வர்க்கப்படுத்தும் எண் 41 மில்லியன் இலக்கம்வரை நீளும்.

3 நவம்பர் 2024, பின்சேர்க்கை

'கணினி சொன்னது, நாம் தலையாட்டினோம்' என்ற செந்தூல்காரரின் மனக்குறைக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. கண்டுபிடித்தவர் லூக் டுரான்ட். மெர்சென் பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சியில் சேர்ந்து, பல நாடுகளில் இருக்கும் வாடகைக் கணினிகளில் கணக்கை ஓட்டினார். 2024 அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு கணினி, 'அநேகமாகப் பகா எண்' என்றது. மறுநாள் டெக்சஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் இருந்த வேறு கணினி, மேலே சொன்ன லூகாஸ்-லெமர் சோதனையை முழுவதும் செய்து உறுதிப்படுத்தியது. அதன் பிறகும் வெவ்வேறு நிரல்களை வெவ்வேறு இயந்திரங்களில் ஓட்டிச் சரிபார்த்த பின்னர்தான் அக்டோபர் 21இல் அறிவித்தார்கள். ஒரே இயந்திரத்தின் வாக்கை யாரும் வேதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

9 நவம்பர் 2024

எண் கணிதம் பார்க்கும் அன்பர் ஒருவர்: "கூட்டு எண் என்ன வருகிறது?"

4. எல்லா இலக்கங்களையும் கூட்டி, வந்ததை மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கம்வரை கொண்டுவந்தால் 4. 41 மில்லியன் இலக்கத்தை யாரும் கூட்ட வேண்டாம், 9ஆல் வகுத்த மீதிதான் கூட்டு எண். 2இன் அடுக்குகள் 9ஆல் வகுக்கும்போது ஆறில் சுற்றுகின்றன. 136279841ஐ 6ஆல் வகுத்தால் மீதி 5. 2^5 = 32, அதை 9ஆல் வகுத்தால் மீதி 5, ஒன்று கழித்தால் 4.

நான்கு ராகுவின் எண் என்று அவர் உடனே எழுதிவிட்டார். எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கிப் பொத்தான் 3, 3ஏ, 5 என்று போகும். சீனக் குடும்பங்கள் நான்கைத் தவிர்ப்பார்கள். நம்பிக்கை அவரவருடையது, அதில் நான் தலையிடவில்லை. ஒன்று மட்டும் யோசியுங்கள். இந்த 4 வருவது நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால். இதே எண்ணை இரும முறையில் எழுதினால் வெறும் ஒன்றுகள்தான், 136,279,841 ஒன்றுகள் வரிசையாக. வேறு எதுவுமே இல்லை. அப்போது இலக்கங்களின் கூட்டுத்தொகை 136,279,841. அதுவும் ஒரு பகா எண்.

எண்ணுக்கே உரிய குணம் வேறு, நாம் எழுதும் முறையால் வரும் குணம் வேறு. 551, 881, கூட்டு எண் 4 எல்லாம் இரண்டாவது வகை. 7ஆல் வகுத்தால் மீதி 3 என்பதும் பகா எண் என்பதும் முதல் வகை. எந்த முறையில் எழுதினாலும் அவை மாறா. முன்னால் எழுதிய குறிப்புகளில் நான் இரண்டையும் கலந்துதான் கொடுத்திருக்கிறேன், படிக்கும்போது பிரித்துப் படியுங்கள்.

10 நவம்பர் 2024

மேலே சொன்ன ஒன்றுகளை அப்படியே சேமித்தால் 17 மெகாபைட் சொச்சம். கைப்பேசியில் எடுக்கும் சில படங்களின் அளவு. பத்தின் முறையில் ஒரு பக்கத்துக்கு 3,000 இலக்கம் என்று அச்சிட்டால் 13,675 பக்கம். நொடிக்கு இரண்டு இலக்கம் வீதம் ஊண் உறக்கம் இல்லாமல் வாசித்தால் 237 நாளுக்கு மேல்.

24 நவம்பர் 2024

இத்தனை நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்று. வால் தெரியும், தலை தெரியும், சில மீதிகள் தெரியும். ஆனால் செந்தூல்காரர் உண்மையில் கேட்டது, 'பகா எண் என்பதைப் பற்றிக் கையால் ஏதாவது சொல்ல முடியுமா' என்பதுதானே? முழுவதும் முடியாது. ஆனால் ஒரு நல்ல துண்டு முடியும்.

ஃபெர்மா 1640இலேயே கண்ட விதி: p ஒற்றைப்படைப் பகா எண் என்றால், 2^p − 1ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 2pயின் மடங்கில் ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். 2047இல் p = 11: 23 என்பது 22 + 1, 89 என்பது 88 + 1. ஃபெர்மா இதை வைத்தே 2^37 − 1ஐ 223 வகுக்கும் என்று கண்டார்; 223 = 6 × 37 + 1. இன்னொரு விதியும் உண்டு: அந்தக் காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான் வர வேண்டும்.

நம் எண்ணுக்குப் போடுங்கள்.

முதல் வேட்பாளர் 2 × 136279841 + 1 = 272,559,683. 8ஆல் வகுத்தால் மீதி 3. தள்ளுங்கள்.

இரண்டாவது, நான்கு மடங்கில் ஒன்று கூட: 545,119,365. ஐந்தில் முடிகிறது, பகா எண்ணே இல்லை. தள்ளுங்கள்.

மூன்றாவது, ஆறு மடங்கில் ஒன்று கூட: 817,679,047. 8ஆல் வகுத்தால் மீதி 7. இது மட்டும்தான் வாசலைத் தாண்டுகிறது.

ஆக 817 மில்லியனுக்குக் கீழே உள்ள எந்த எண்ணும் (1ஐத் தவிர) இதை வகுக்காது. 3 வகுக்காது, 7 வகுக்காது, 9,999,991 வகுக்காது, ஒன்றுமே வகுக்காது. மூன்று வரிப் பெருக்கலில் எண்ணூறு மில்லியன் எண்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று தீராத ஆசை. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் நூறுக்குள் இருக்கும் 25 பகா எண்களை ஒப்பிக்கிறார்கள். அதோடு நிறுத்திவிடுகிறோம். ஒரு மூலையில் வைத்துப் பூட்டிவிடும் பாடமாக அது முடிந்துபோகிறது.

15 டிசம்பர் 2024

"இதனால் ஒரு வெள்ளிக்குப் பிரயோசனம் உண்டா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

நேரடியாக, இல்லை. வங்கிக் கணக்குகளைப் பாதுகாக்கும் மறைகுறி முறைகளுக்குச் சில நூறு இலக்கப் பகா எண்களே போதும். பணமே கணக்கு என்றால், ஜிம்ப்ஸ் கொடுக்கும் பரிசு 3,000 அமெரிக்க டாலர். நூறு மில்லியன் இலக்கத்தைத் தாண்டும் முதல் பகா எண்ணுக்கு 150,000 டாலர் என்று மின்னணு எல்லை அறக்கட்டளை அறிவித்திருக்கிறது. அதே அறக்கட்டளை ஒரு மில்லியன் இலக்கத்துக்கான 50,000 டாலரை 2000இல் கொடுத்துவிட்டது. அந்த எண்ணை 1999இல் கண்டவர் நயன் ஹஜ்ரத்வாலா.

மறைமுகப் பயன் நிறைய. பெரிய எண்களை வேகமாகப் பெருக்கும் முறைகள் இந்த வேட்டையில் கூர்தீட்டப்பட்டன. கணினிச் சில்லுகளின் ஆரோக்கியத்தைச் சோதிக்க ஜிம்ப்ஸ் நிரலையே ஓட்டுவார்கள், ஒரே ஒரு இலக்கம் பிசகினாலும் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் எந்த எண்ணுக்கும் பொருந்தும் ஒரு பகா எண் சோதனையைக் கொடுத்தார்கள். இலக்கங்களின் எண்ணிக்கை கூடும்போது வேலை கட்டுக்கடங்காமல் பெருகாது என்றும் எந்த அனுமானமும் இல்லாமல் நிரூபித்தார்கள். நடைமுறையில் இந்தப் பெரிய வேட்டைக்கு அது பயன்படுவதில்லை, லூகாஸ்-லெமர்தான் வேகம். அதற்காக அந்த மூவர் செய்தது சின்ன வேலையா?

12 ஜனவரி 2025

செவ்விய எண்கள் பற்றிக் கேட்டவருக்கு. தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் எண்: 6 = 1 + 2 + 3. அடுத்து 28, 496, 8128, 33550336. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் இப்படி ஒன்றைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார், இரட்டைப்படைச் செவ்விய எண் எல்லாமே இப்படித்தான் வரும் என்று ஆய்லர் காட்டினார். நம் எண் தருவது 2^136279840 × (2^136279841 − 1), 82,048,640 இலக்கம்.

இதன் வாலையும் பிடிக்கலாம். 2^136279841 முடிவது 552இல். பாதியாக்கினால் 276 அல்லது 776, ஆனால் கடைசி மூன்று இலக்கம் 8ஆல் வகுபட வேண்டும், ஆகவே 776. 776 × 551 = 427,576. செவ்விய எண் 576இல் முடிகிறது.

9 பிப்ரவரி 2025

நாளை மறுநாள் தைப்பூசம். பத்துமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு, கால் வலி தெரியாமல் ஏற.

272 படிகள். முதல் படியில் ஒரு நெல்மணி, இரண்டாம் படியில் இரண்டு, மூன்றாம் படியில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போவதாக வையுங்கள். எந்தப் படியில் நின்றாலும், அதுவரை வைத்த மொத்தம் 2இன் அந்தப் படி எண் அடுக்கில் ஒன்று குறைவு. மூன்றாம் படியில் 1 + 2 + 4 = 7, அதாவது 2^3 − 1.

எந்தெந்தப் படியில் நின்றால் மொத்தம் பகா எண்? 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61, 89, 107, 127. பன்னிரண்டே படிகள். 127ஆம் படி பாதிக்குச் சற்றுக் கீழே வரும். அதற்கு மேல் உச்சிவரை ஒரு படிகூட இல்லை. அடுத்தது 521, நம் மலையில் அத்தனை படி கிடையாது.

உச்சியில் 2^272 − 1, 82 இலக்கம். 272 = 16 × 17 என்பதால் இது தாராளமாக உடையும்: 3, 5, 17, 257, 131071 எல்லாம் வகுக்கும். ஒரு படி கீழே 271, அது பகா எண். ஆனால் 2^271 − 1 பகா எண் இல்லை. பினாங்கு ஐயா கேட்ட கேள்விக்கு இது இன்னோர் உதாரணம்.

127ஆம் படியில் கொஞ்சம் நில்லுங்கள். 2^127 − 1 = 170141183460469231731687303715884105727. 39 இலக்கம். 1876இல் லூகாஸ் கணிப்பொறி எதுவும் இல்லாமல் இதைப் பகா எண் என்று நிரூபித்தார். 1951வரை இதைவிடப் பெரிய பகா எண் எவருக்கும் தெரியாது. 521க்கும் 607க்கும் கணினி தேவைப்பட்டது: 1952 ஜனவரி 30 அன்று, ஒரே நாளில், ரஃபேல் ராபின்சன் எழுதிய நிரல் இரண்டையும் கண்டது.

11 பிப்ரவரி 2025, தைப்பூசம்

கூட்டத்தில் படிகளை எண்ண முடியவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். வேறொரு நாள் காலையில், பசியாறிவிட்டுப் போய் எண்ணுங்கள். அவசரம் இல்லை.

16 பிப்ரவரி 2025

இது 52ஆவது மெர்சென் பகா எண் என்று சிலர் எழுதுகிறார்கள். 'தெரிந்தவற்றில் 52ஆவது' என்று எழுதுவதே சரி. வரிசைப்படிதான் கிடைக்கும் என்ற கட்டாயம் இல்லை. 2008 ஆகஸ்டில் 43112609 அடுக்கு கிடைத்தது, அடுத்த மாதமே அதைவிடச் சிறிய 37156667 கிடைத்தது, 2009இல் இரண்டுக்கும் நடுவில் 42643801. இதற்கு முந்தைய பெரிய எண் 2018 டிசம்பரில் வந்த 82589933 அடுக்கு, 24,862,048 இலக்கம். அதற்கும் இப்போதையதற்கும் நடுவில் எது ஒளிந்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

2 மார்ச் 2025

செந்தூல் வாசகர் திரும்ப வந்திருக்கிறார். "551க்கு முன்னால் இருப்பது 1. நாலு இலக்கத்துக்கு நானே போட்டேன், 1551 வருகிறது. சரியா, டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார். தாளைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறார், ஓரமெல்லாம் அடித்தல் திருத்தல்.

சரி. நான்கு இலக்கத்துக்குச் சுற்று 500, மீதி 341. அவர் 2^10, 2^20, 2^40 என்று இரட்டித்துக்கொண்டே 320வரை போய், 320ஐயும் 20ஐயும் 1ஐயும் சேர்த்திருக்கிறார். 10,000 = 625 × 16 என்பதால், ஒவ்வொரு படியிலும் 625ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்திருக்கிறார். கடைசியில் 302. அதோடு 625ஐக் கூட்டிக்கொண்டே போய், 16ஆல் வகுபடும் முதல் எண்ணைப் பிடித்தார்: 302, 927, 1552. ஒன்று கழித்தால் 1551. 341ஐ 320 + 20 + 1 என்று பிரிக்க யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஐந்தாவது இலக்கம் வேண்டுமென்றால் சுற்று 2500, மீதி 2341. இந்த முறை 3125ஆல் வகுத்த மீதிகளை வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் 2802 வர வேண்டும். 32ஆல் வகுபடும்வரை 3125ஐக் கூட்டுங்கள். 71552இல் நிற்கும்.